முதலில் எது, பிறகு எது?

எந்திரப் பொறியியல் பிரிவில் புதிதாகச் சேரும் மாணவரின் கையில் முதல் வாரத்திலேயே ஓர் அட்டவணை வந்து சேர்கிறது. எட்டுப் பருவங்கள், ஒவ்வொரு பருவத்திற்கும் ஆறேழு பாடங்கள். எந்திரங்களைப் படிக்க வந்தவருக்கோ முதலாண்டில் எந்திரத்தின் நிழல்கூட அதிகம் தெரிவதில்லை! கணிதம், இயற்பியல், வேதியியல், வரைபடம் என்றே ஓராண்டு ஓடிவிடுகிறது. "இதையெல்லாம் யார் முதலில் வைத்தார்கள்?" என்று நீங்களோ, உங்கள் வீட்டுப் பிள்ளையோ அலுத்துக்கொண்டது உண்டல்லவா?

அலுப்பில் எழுந்தாலும் இது நல்ல கேள்விதான். இந்த வரிசை ஒருவர் ஒரே நாளில் எழுதியதன்று. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஆசிரியர்களும் தொழிலதிபர்களும் நடத்திய வாதத்தின் சுவடுதான் அது. அந்த வாதத்தை அறிந்தவர், தம் படிப்பைத் தாமே திட்டமிடும் தகுதியைப் பெறுகிறார். அறியாதவர், முன்னே செல்பவரின் முதுகைப் பார்த்து நடக்கிறார்.

ஒரே ஆண்டில் இரு பள்ளிகள்

1794-ஆம் ஆண்டு பொறியியல் கல்வியில் மறக்க முடியாத ஆண்டு. பிரெஞ்சுப் புரட்சியின் கொந்தளிப்பு அடங்காத பாரிசில், அவ்வாண்டு ஒரு புதிய பொறியியல் பள்ளி நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டே அதற்கு எக்கோல் பாலிடெக்னிக் என்ற பெயர் வந்தது. அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான காஸ்பார் மோஞ்சு ஒரு கணித மேதை. திண்மப் பொருள்களைத் தாளில் துல்லியமாக வரைந்து காட்டும் விவரண வடிவியலை வகுத்தவர் அவரே. அப்பள்ளியில் மாணவர்கள் முதலில் கணிதமும் இயற்பியலும் வேதியியலும் வரைபடமும் கற்றார்கள். அதன் பின்னரே பாலம், சாலை, சுரங்கம், பீரங்கி என்று தனித்தனித் துறைகளுக்கான பள்ளிகளுக்குப் போனார்கள். "அடிப்படை முதலில், பயன்பாடு பிறகு" என்ற கொள்கை அங்கே வேரூன்றியது.

அதே 1794-இல், மே மாதத்தில், நம் சென்னையிலும் ஒரு பள்ளி பிறந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலம் அளக்க ஆள் தேவைப்பட்டது. மைக்கேல் டாப்பிங் என்பவரின் முயற்சியால் எட்டு மாணவர்களுடன் நில அளவைப் பள்ளி ஒன்று தொடங்கியது. அதுவே வளர்ந்து இன்றைய கிண்டிப் பொறியியல் கல்லூரியாயிற்று. களத்திற்குத் தேவையான கைகளை உருவாக்குவதே அன்று அதன் நோக்கம்.

பாரிசு ஏட்டிலிருந்து வேலைக்குப் போயிற்று. சென்னை வேலைக்காகவே ஏட்டைத் திறந்தது. எது சரி? இந்தக் கேள்வியே பின்னர் எந்திரப் பொறியியலை உலுக்கி எடுத்தது.

மாஸ்கோவின் விடை

நம் ஊர்ப் பட்டறைகளில் தொழில் எப்படிக் கற்கப்படுகிறது என்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். புதிதாகச் சேர்ந்த பையன் முதலில் எடுபிடி வேலை செய்வான். கருவிகளை எடுத்துக் கொடுப்பான். பார்த்துப் பார்த்தே தொழில் படிவான். மேலைநாடுகளிலும் நெடுங்காலம் இதே முறைதான். இதில் ஒரு குறை உண்டு. ஒரு மேத்திரிக்கு இரண்டு மூன்று பேரைத்தான் பழக்க முடியும். அன்றைக்கு என்ன வேலை வருகிறதோ அதுவே அன்றைய பாடம். எளியது முதலில் வரும், கடியது பிறகு வரும் என்பதற்கு உறுதி இல்லை.

மாஸ்கோவின் பேரரசுத் தொழில்நுட்பப் பள்ளியில் இயக்குநராக இருந்த விக்தர் டெல்லா-வோஸ், 1868-ஆம் ஆண்டளவில் தம் சக ஆசிரியர்களுடன் இதற்கு ஒரு வழி கண்டார். தச்சு, கடைசல், கொல்லு, அரம் கொண்டு ராவிப் பொருத்துதல் என ஒவ்வொரு தொழிலையும் அதன் சிறு சிறு செயல்களாகப் பிரித்தார். அச்செயல்களை எளிமையிலிருந்து கடினத்திற்கு வரிசைப்படுத்தினார். ஒவ்வொரு தொழிலுக்கும் தனிப் பட்டறை. ஒவ்வொரு மாணவனுக்கும் தனி இடம், தனிக் கருவிகள். மாணவன் வரைபடத்தைப் பார்த்தே வேலை செய்ய வேண்டும். ஒரு பயிற்சியைத் துல்லியமாக முடிக்காதவன் அடுத்ததைத் தொடக்கூடாது. இவை முடிந்த பிறகே, உண்மையான எந்திரங்கள் கட்டும் பட்டறைக்கு அனுமதி.

இன்றைய பாடத்திட்டங்களில் 'முன்பாடம்' என்று ஒரு விதி இருக்கிறதே, அதன் உயிர்க்கருத்து இதுதான். முதலாண்டுப் பட்டறையில் இரும்புத் துண்டை ராவி மற்றொன்றோடு இடைவெளியின்றிப் பொருத்தும் பயிற்சியும் இந்த மரபைச் சேர்ந்ததே.

1876-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒரு மாபெரும் பொருட்காட்சி நடைபெற்றது. அங்கே மாஸ்கோ பள்ளியின் பயிற்சி மாதிரிகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் தலைவர் ஜான் ரங்கிள் அவற்றைக் கண்டு மனம் பறிகொடுத்தார். அவரும் ஒரு கணித அறிஞர். அவ்வாண்டிலேயே தம் கழகத்திலும் பயிற்சிப் பட்டறைகளை ஏற்படுத்தச் செய்தார்.

மறுப்பும் எழுந்தது

எல்லோரும் இதை ஏற்கவில்லை. அதே மாநிலத்தின் வூஸ்டர் நகரிலிருந்த பொறியியல் கழகத்தில் 1868 முதலே வாஷ்பர்ன் பட்டறை இயங்கிவந்தது. அங்கே மாணவர்கள் செய்த பொருள்கள் சந்தையில் விற்கப்பட்டன. வாங்குபவர் குறை சொன்னால்தான் கை திருந்தும் என்பது அவர்கள் வாதம்.

மூன்றாவது வழி ஒன்றைக் காட்டியவர் ராபர்ட் தர்ஸ்டன். எந்திரத்தைச் செய்வதைவிட அதைச் சோதித்து அளப்பதே பொறியியலாளரின் வேலை என்று அவர் கருதினார். 1870-களில் ஸ்டீவன்ஸ் கழகத்திலும், 1885 முதல் கார்னெல் பல்கலைக்கழகத்திலும் எந்திர ஆய்வுக்கூடங்களை அவர் வளர்த்தார். 1880-இல் நிறுவப்பட்ட அமெரிக்க எந்திரப் பொறியாளர் சங்கத்தின் முதல் தலைவரும் அவரே.

1906-இல் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தின் ஹெர்மன் ஷ்னைடர் இன்னொரு படி போனார். 27 மாணவர்களுடன் அவர் தொடங்கிய திட்டத்தில் ஒரு வாரம் கல்லூரி, ஒரு வாரம் தொழிற்சாலை! மாணவர்களை இருவர் இருவராகப் பிணைத்து, ஒருவர் வகுப்பிலிருக்கும்போது மற்றவர் ஆலையிலிருக்குமாறு செய்தார்.

தேர்ந்தெடுக்கும் உரிமையும் வழிகாட்டியும்

இதற்கிடையே வேறொரு புயல் வீசியது. 1869-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவரான சார்லஸ் எலியட், கட்டாயப் பாடங்களைப் படிப்படியாகக் குறைத்து, மாணவரே பாடங்களைத் தேர்ந்துகொள்ள விட்டார். உரிமை வந்ததும் குழப்பமும் வந்தது. தொடர்பில்லாத பாடங்களையும், எளிதில் தேறக்கூடிய பாடங்களையும் பொறுக்கிச் சேர்ப்போர் பெருகினர் என்ற குறை எழுந்தது. நாற்பது கடைகள் உள்ள தெருவில் சிறுவனைத் தனியே விட்டால் என்ன வாங்குவான்? 1876-இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் மாணவர்களுக்கு ஆசிரியர்களையே ஆலோசகர்களாக அமர்த்தியது. பிற பல்கலைக்கழகங்களிலும் இவ்வழக்கம் பரவியது. ஆக, படிப்பு ஆலோசகர் என்பவர் தேர்வுரிமையோடு உடன்பிறந்தவர்!

பொறியியலில் மட்டும் இந்த உரிமை முழுமையாக நுழையவில்லை. காரணம், பாடங்கள் சங்கிலிபோல் பிணைந்திருப்பது. ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். சுழலும் தண்டு ஒன்றின் விட்டத்தை நீங்கள் கணக்கிட வேண்டும். அதன்மேல் ஏறும் வளைவும் முறுக்கும் தெரிந்தால்தான் முடியும். அதைச் சொல்வது பொருள் வலிமையியல். தண்டைத் தாங்கும் இடங்களில் எவ்வளவு விசை என்று தெரியாமல் வலிமையியலைத் தொட முடியாது. அதைச் சொல்வது முதலாண்டின் நிலையியல். அன்று நிலையியலை மனப்பாடம் செய்து தேறியவர், மூன்றாம் ஆண்டில் எந்திர வடிவமைப்பில் திணறுகிறார். வகைக்கெழுச் சமன்பாடுகளைக் கைவிட்டவர் வெப்ப மாற்றத்தில் தடுக்கி விழுகிறார். நோய் ஓரிடம், வலி வேறிடம்.

இந்தச் சங்கிலியை இறுக்கியது 1955-இல் வெளிவந்த கிரின்டர் அறிக்கை. திண்மங்களின் இயக்கவியல், பாய்ம இயக்கவியல், வெப்ப இயக்கவியல், வெப்பமும் திணிவும் உந்தமும் கடத்தப்படும் முறைகள், மின்னியல் கோட்பாடு, பொருள்களின் இயல்பு ஆகிய ஆறும் பொறியியலின் அறிவியல்கள் என்று அது வகுத்தது. 1957-இல் சோவியத்தின் ஸ்புட்னிக் வானில் ஏறியதும், அறிவியலின் பக்கம் காற்று மேலும் பலமாக வீசியது. பட்டறை நேரம் சுருங்கியது. "சமன்பாடு தெரிகிறது, திருகாணி தெரியவில்லை" என்ற குறை பின்னர் எழுந்தது. அதன் எதிரொலியாக, 2000-ஆம் ஆண்டு மாசச்சூசெட்ஸ் கழகமும் சுவீடனின் மூன்று பல்கலைக்கழகங்களும் சேர்ந்து, கருதுதல், வடிவமைத்தல், செய்தல், இயக்குதல் என்ற நான்கையும் பாடத்திட்டத்தின் நடுவில் வைக்கும் முயற்சியைத் தொடங்கின.

உங்கள் கையில் உள்ள அட்டவணை

இனி உங்கள் அட்டவணையை மீண்டும் எடுத்துப் பாருங்கள். முதலாண்டுக் கணிதத்தில் பாரிசு தெரிகிறது. பட்டறையில் மாஸ்கோ தெரிகிறது. ஆய்வுக்கூடத்தில் தர்ஸ்டன் நிற்கிறார். தொழிற்சாலைப் பயிற்சியில் ஷ்னைடர் சிரிக்கிறார். விருப்பப்பாடங்களில் எலியட்டின் கை இருக்கிறது.

அந்தக் கை இன்று நீண்டிருக்கிறது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2018-இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம் பட்டத்திற்கு 160 மதிப்பலகுகள் என்று பரிந்துரைத்தது. வாரம் ஒரு மணி நேரம் என ஒரு பருவம் நடக்கும் விரிவுரைக்கு ஒரு மதிப்பலகு. அப்பரிந்துரையில் துறைசார் விருப்பப்பாடங்களுக்கு 18, திறந்த விருப்பப்பாடங்களுக்கு 18. அதாவது, ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மாணவரின் முடிவுக்கே விடப்பட்டது! அந்தப் பங்கைத் தோழர்கள் எடுக்கிறார்கள் என்பதற்காகவோ, மதிப்பெண் எளிது என்பதற்காகவோ நிரப்பினால், இரண்டு நூற்றாண்டு வாதத்தில் கிடைத்த உரிமையைக் காற்றில் விட்டவராவீர்கள்.

ஆகவே ஆலோசகரைப் பார்க்கச் செல்லும்போது, "எதை எடுக்கலாம், ஐயா?" என்று வெறுங்கையோடு நிற்காதீர்கள். நீங்கள் செய்ய விரும்பும் வேலையை ஒரு தாளின் அடியில் எழுதுங்கள். அதற்கு எந்தப் பாடம் வேண்டும், அதற்கு முன் எது, அதற்கும் முன் எது என்று மேல்நோக்கி எழுதிக்கொண்டே போங்கள். தாளின் உச்சியில் எங்கோ முதலாண்டுப் பாடம் ஒன்று வந்து நிற்கும். சங்கிலியின் எந்தக் கண்ணி உங்களிடம் பலவீனமாக இருக்கிறது என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். அந்தத் தாளோடு போனால், ஆலோசகர் உங்களோடு உட்கார்ந்து பேசுவார்.

ஒரு பயிற்சியை முடிக்காதவன் அடுத்ததைத் தொடக்கூடாது என்று மாஸ்கோவில் ஆசிரியர் கண்காணித்தார். இன்று அந்தக் கண்காணிப்பில் பெரும்பகுதி உங்களிடமே விடப்பட்டிருக்கிறது.