இடித்தேவன் பெயரில் ஓர் இலங்கைக் கல்

பலாங்கொடைப் பக்கம் மாணிக்கம் தேடிச் சரளை அரிப்பவர்களின் கூடையடியில் சில நேரம் கறுப்பாகச் சின்னச் சின்னக் கட்டிகள் தங்கிவிடும். பகடைக்காய் போல ஆறு முகம். எத்தனை முறை சுழற்றினாலும் தண்ணீரோடு போகாது. அதே அளவு இரும்பைவிடக் கனம்.

1904இல் இந்தக் கட்டிகளைக் கவனித்தவர் ஆனந்த குமாரசுவாமி. பின்னாளில் நடராஜர் திருமேனிக்கு உலகறிய விளக்கம் எழுதினாரே, அவரேதான். சர் முத்து குமாரசுவாமியின் மகன். லண்டனில் நிலவியல் படித்தவர். அப்போது இலங்கைக் கனிம ஆய்வுப் பணியின் இயக்குநர். யுரேனியத் தாது என்றே முதலில் நினைத்தார். லண்டனில் வேதியியலாளர் டன்ஸ்டன் பகுத்துப் பார்த்தார். பெரும்பகுதி தோரியம். ஆக, தோரியனைட் என்று பெயரானது. தோரியம் என்ற பெயரோ சுவீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ் வைத்தது, வடதேசத்து இடித்தேவன் தோரை நினைத்து. பலாங்கொடைக் கல்லுக்குள் தோர் வந்து குடியேறியது இப்படித்தான்.

மறு ஆண்டே அந்தக் கல் இன்னொருவரின் வாழ்க்கையைத் திருப்பியது. ஆங்கிலம் பழகினால் நல்ல வேலை கிடைக்கும் என்று லண்டன் வந்திருந்த ஜெர்மன் இளைஞர் ஓட்டோ ஹான், வேதியியலாளர் ராம்சேயின் ஆய்வுக்கூடத்தில் இலங்கைத் தாதுவிலிருந்து ரேடியோதோரியம் என்ற கதிரியக்கப் பொருளைக் கண்டறிந்தார். அணுக்கருவைப் பிளந்த ஹான் இவர்தான்.

தோரியனைட்டுக்கு முன்பே குமாரசுவாமி இன்னொரு கனிமத்தைக் கண்டிருந்தார். கங்காபிட்டியவில் கிடைத்த நீலக் கனிமம் அது. கனிமவியலாளர் பிரயருடன் சேர்ந்து அதை 1903இல் விவரித்தார். அரபு வணிகர்கள் இலங்கையை அழைத்த செரண்டிப் என்ற பெயரே செரண்டிபைட் ஆயிற்று. இரண்டு கனிமங்களிலும் தன் பெயரை அவர் ஒட்டிக்கொள்ளவில்லை. இலங்கையின் பெயரிலேயே 1952இல் சின்ஹலைட் என்ற இன்னொரு கனிமமும் வந்தது. அதுவரை அதைப் பழுப்புப் பெரிடாட் என்றே விற்றுக்கொண்டிருந்தார்கள்.

கதையிலேயே சுவையானது டாஃபைட். 1945இல் டப்ளினில் ரிச்சர்ட் டாஃப் என்ற ரத்தின நிபுணர், ஒரு நகைக்கடையில் கிடந்த பழைய பட்டைக்கற்களை மொத்தமாக வாங்கினார். வீட்டில் ஒவ்வொன்றாக உருப்பெருக்கியில் பார்த்தபோது, ஒன்றரை காரட்டுக்கும் குறைந்த ஊதாக் கல் ஒன்று கையில் நின்றது. மற்ற குணமெல்லாம் ஸ்பினல் என்ற ரத்தினத்துக்கு உரியவை. ஆனால் பின்பக்கப் பட்டையின் விளிம்பு இரண்டு கோடாகத் தெரிந்தது; ஸ்பினலில் ஒன்றாகத்தான் தெரிய வேண்டும். தூசியா, கீறலா என்று துடைத்துப் பார்த்தாலும் இரட்டைதான். லண்டனில் ரத்தின ஆய்வாளர் ஆண்டர்சனுக்கு அனுப்பினார். புதிய கனிமம் என்று உறுதியானது. பட்டை தீட்டிய கல்லிலிருந்து அறியப்பட்ட முதல் கனிமம் அது. இப்படிப்பட்ட கற்கள் இலங்கைச் சரளையில் கிடைப்பவை என்பது பிறகுதான் தெரிந்தது. பிறந்த ஊர் தெரியாமலே கல் டப்ளின்காரரின் பெயரை வாங்கிக்கொண்டது!

இலங்கைக்காரர் ஒருவருக்கும் அந்த வாய்ப்பு வந்தது. இரத்தினபுரி மாவட்டத்து எஹெலியகொடைச் சரளைக்குழியில் 1953இல் ஏக்கநாயக்க என்பவர் ஒரு பச்சைக் கல்லைக் கண்டெடுத்தார். 1961இல் அது ஏக்கனைட் ஆனது. உள்ளே தோரியமும் யுரேனியமும் உண்டு. அவற்றின் கதிர்வீச்சு படிக அடுக்கைக் கலைத்துக் கலைத்து, கல்லையே கண்ணாடி போல ஆக்கிவிடுகிறது. பார்க்க அழகுதான், மோதிரத்தில் பதித்து விரலில் போட்டுக்கொள்ளும்படி நிபுணர்கள் யாரும் சொல்வதில்லை.