ஒரு பதிவேடு நடந்த தூரம்

1902 ஜனவரி 10 அன்று, நியூசிலாந்து அரசு திறந்த புதிய பதிவேடு ஒன்றில் எல்லன் டோஹர்ட்டி என்ற பெண்ணின் பெயர் ஏறியது. பாமர்ஸ்டன் நார்த் மருத்துவமனையின் மேட்ரன் அவர். செவிலியர்களுக்கென்றே தனிச் சட்டம் போட்டு ஒரு நாடு திறந்த முதல் பதிவேடு அது. 1891-லேயே தென்னாப்பிரிக்காவின் கேப் காலனி செவிலியர் பதிவுக்கு வழி செய்திருந்தது உண்மைதான். ஆனால் அங்கே அது மருத்துவர்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும் போட்ட சட்டத்தின் ஓர் ஓரத்தில்தான் இருந்தது. நியூசிலாந்தில் 1901 செப்டம்பரில் நிறைவேறிய சட்டம் முழுக்க முழுக்கச் செவிலியருக்கானது. அதை முன்னின்று உருவாக்கிய கிரேஸ் நீல், தானும் செவிலியாகப் பயிற்சி பெற்றவர். அரசின் மருத்துவமனை ஆய்வாளர்களில் ஒருவர்.

சட்டம் முக்கியமாகக் கேட்டது இரண்டு விஷயங்கள்: மருத்துவமனையில் மூன்றாண்டுப் பயிற்சி, அரசு நடத்தும் தேர்வில் தேர்ச்சி. அதுவரை வெள்ளை ஏப்ரன் கட்டிய யாரும் தன்னை நர்ஸ் என்று சொல்லிக்கொள்ளலாம். காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடப்பவருக்கு, தன்னைத் தொடும் கை பயின்ற கையா என்று விசாரிக்க வழியில்லை. அவருக்காக அரசு விசாரித்து எழுதி வைத்த விடைதான் இந்தப் பதிவேடு. இன்று தமிழ்நாட்டில் ஒரு செவிலியர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது நிரப்பும் 'கவுன்சில் நம்பர்' இந்த வழியில் வந்ததே.

லண்டனில் நடந்த சண்டை

பதிவேட்டை எதிர்த்தவர்களில் மிகப் பெரிய பெயர் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல். 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளி தொடங்கி, செவிலியத்தை மதிப்புள்ள தொழிலாக்கியவரே அவர்தான். நல்ல செவிலிக்கு வேண்டிய குணத்தை எழுத்துத் தேர்வால் அளக்க முடியாது என்பது அவருடைய வாதம். பொறுமையையும் நேர்மையையும் எந்தப் பட்டியல் சான்றளிக்கும்?

எதிரணியில் நின்றவர் எத்தல் ஃபென்விக். 24 வயதிலேயே செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையின் மேட்ரன் ஆனவர். 1887-ல் திருமணத்துக்காக அந்தப் பதவியை விட்டார். அதே ஆண்டு பிரிட்டிஷ் செவிலியர் சங்கத்தைத் தொடங்கினார். 1858 முதலே இங்கிலாந்தில் மருத்துவர்களுக்குப் பதிவேடு இருந்தது. மருத்துவர் சொன்னதை இரவும் பகலும் நிறைவேற்றும் செவிலிக்கு மட்டும் அது ஏன் இல்லை என்று கேட்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் போராட வேண்டியிருந்தது. மசோதாக்கள் வந்தன, விழுந்தன. முதல் உலகப் போரில் ஆயிரக்கணக்கான செவிலியரின் உழைப்பை நாடே பார்த்த பிறகுதான் 1919 டிசம்பரில் சட்டம் வந்தது. 1921-ல் பதிவேடு திறந்தபோது எண் 1 ஃபென்விக்குக்குக் கிடைத்தது. ஆண் செவிலியர்களைத் தனிப் பிரிவில் ஒதுக்கி வைத்த குறை மட்டும் 1949 வரை தொடர்ந்தது.

நைட்டிங்கேல் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. குணத்தைத் தாளில் அளக்க முடியாதுதான். ஆனால் குணம் மட்டும் இருந்து, மருந்தின் அளவு தெரியாத கை நோயாளிக்கு ஆபத்து. பதிவேடு நல்ல மனிதரைத் தேடித் தராது; தகுதியில்லாதவரை வாசலில் நிறுத்தும். அந்த ஒரு வேலைக்காகவே அது தேவை.

சென்னைக்கு வந்தது

சென்னைப் பொது மருத்துவமனையில் 1871-லேயே செவிலியர் பயிற்சி தொடங்கிவிட்டது. வேலூரில் ஐடா ஸ்கடர் நிறுவிய மருத்துவமனையில் 1909-ல் செவிலியர் பள்ளி வந்தது. ஆனால் படித்து முடித்தவர் யார் என்று அரசு எழுதி வைக்கும் ஏற்பாடு 1926-ல்தான் பிறந்தது. அந்த ஆண்டின் மூன்றாவது சட்டமான சென்னைச் செவிலியர் மற்றும் மருத்துவச்சிகள் சட்டம், இந்த மாகாணத்துக்கென ஒரு கவுன்சிலையும் பதிவேட்டையும் உண்டாக்கியது. பெயர், தகுதி, பயிற்சி பெற்ற இடம் எல்லாம் அதில் ஏறும். பொய்யாகப் பதிவு பெற்றவர் என்று சொல்லிக்கொண்டால் தண்டனை. பதிவு பெற்றவர் தவறு செய்தால் விசாரணை நடத்திப் பெயரை நீக்கவும் முடியும்.

பெயரை ஏற்றும் அதிகாரத்தைவிட நீக்கும் அதிகாரம்தான் ஒரு தொழிலை ஒழுங்கோடு வைத்திருக்கிறது. மருத்துவமனை ஒரு செவிலியை வேலையை விட்டு அனுப்பினால் அவர் அடுத்த ஊருக்குப் போகலாம். கவுன்சில் பெயரை நீக்கினால் அவர் எந்த ஊரிலும் அந்தத் தொழிலைச் செய்ய முடியாது. 2026-ல் நூறு ஆண்டைத் தொட்ட அந்தச் சட்டத்தின் கீழ்தான் சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சில் இயங்கி வந்திருக்கிறது.

மாகாணத்துக்கு ஒரு பதிவேடு என்றால் மாகாணத்துக்கு ஒரு தரம் என்றாகிவிடும். 1946-ல், நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழு, இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு செவிலிதான் இருக்கிறார் என்று அறிக்கை தந்தது. அதே ஆண்டு வேலூரில் செவிலியப் பட்டப்படிப்பும் தொடங்கியது. அடுத்த ஆண்டின் கடைசி நாளில், நாடு முழுவதும் ஒரே சீரான பயிற்சித் தரத்தை உண்டாக்க இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் வந்தது. 1957 திருத்தம் மாநிலப் பதிவேடுகளைச் சேர்த்து அகில இந்தியப் பதிவேடு வைக்கச் சொன்னது. ஆனாலும் சென்னையில் பதிந்த ஒருவர் டெல்லியில் வேலைக்குப் போக, இங்கே தடையின்மைச் சான்று வாங்கி, அங்கே மறுபடி பதிய வேண்டிய நிலைதான் நீடித்தது. இதற்காகக் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்த செவிலியர் எத்தனையோ பேர்.

பெயருக்குப் பக்கத்தில் ஒரு வரி

இதற்கிடையே மேற்கில் பதிவேடு இன்னொரு திசையில் வளர்ந்தது. 1965-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், பொதுச் சுகாதாரச் செவிலியான லொரெட்டா ஃபோர்டும் குழந்தை மருத்துவர் ஹென்றி சில்வரும் சேர்ந்து ஒரு பயிற்சியைத் தொடங்கினார்கள். மருத்துவர் எட்டாத ஊர்களில் குழந்தைகளைப் பரிசோதித்து, சாதாரண நோய்களுக்குத் தாங்களே சிகிச்சை தரும் செவிலியரை அது உருவாக்கியது. நர்ஸ் பிராக்டிஷனர் என்ற தொழில் அங்கேதான் பிறந்தது.

பழைய பதிவேடு அவர்களுக்குப் போதவில்லை. தேர்ச்சி பெற்றவர் என்று சொன்னால் மட்டும் ஆகாது. எதைச் செய்யும் தகுதி பெற்றவர் என்றும் சொல்ல வேண்டும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 1998-ல் தன் பதிவேட்டில் 'விரிவு வகுப்பு' என்று ஒரு தனி வகையையே திறந்தது. நோயைக் கண்டறிந்து சொல்லவும், பரிசோதனைகளுக்கு எழுதவும், மருந்து எழுதவும் அந்த வகுப்பில் இருப்பவருக்கு உரிமை. பிரிட்டன் 1992-ல் செவிலியர் மருந்து எழுத முதல் சட்டம் போட்டது. அங்கே மருந்து எழுதும் பயிற்சி முடித்தவரின் பெயருக்குப் பக்கத்தில் பதிவேட்டிலேயே 'வி300' என்ற குறி ஏறும். இணையத்தில் பெயரைத் தேடும் எவரும் அதைப் பார்க்கலாம். அந்தக் குறி செவிலிக்கு உரிமை, நோயாளிக்கு உத்தரவாதம், மருந்துக்கடைக்காரருக்கு ஆதாரம்.

நம் பதிவேட்டில் இந்த வரி எங்கே? தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் என்ற இரண்டாண்டு முதுநிலைப் படிப்பை இந்திய நர்சிங் கவுன்சில் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. 2018-ல் மத்திய அரசின் வழிகாட்டுதல்படி, இயல்பான பிரசவங்களைத் தாங்களே நடத்தும் மகப்பேற்று நர்ஸ் பிராக்டிஷனர்களுக்கு 18 மாதப் பயிற்சி வகுக்கப்பட்டது. படித்தவர்கள் வெளியே வருகிறார்கள். வார்டில் என்ன நடக்கிறது?

இரவு இரண்டு மணி, ஐ.சி.யு. கிருமி இரத்தத்தில் பரவி அதிர்ச்சி நிலையில் இருக்கும் நோயாளிக்கு நார்அட்ரினலின் சிரிஞ்ச் பம்ப் வழியாகச் சொட்டுச் சொட்டாகப் போகிறது. சராசரி இரத்த அழுத்தம் (மேப்) 65-க்குக் கீழே போகக் கூடாது. மானிட்டரில் 58 என்று வருகிறது. பம்பின் வேகத்தை எவ்வளவு கூட்ட வேண்டும் என்று அந்தச் செவிலிக்குத் தெரியும். அதைத்தான் அவர் இரண்டாண்டு படித்தார். போனை எடுக்கிறார். "சார், நாலாம் பெட் பேஷண்ட்டுக்கு மேப் 58. நார்அட் கூட்டட்டுமா சார்?" மறுமுனையில் இருப்பவர் அளவைச் சொல்ல, இவர் அதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்து, நேரம் குறித்து, 'டெலிபோன் ஆர்டர்' என்று கேஸ் ஷீட்டில் எழுதுகிறார். மருத்துவர் பிறகு வந்து கையெழுத்திடுவார். முறை சரியானதுதான். போன் எடுக்கப்படாத இரவில் என்ன செய்வது? கூட்டினால் அதிகாரம் மீறிய குற்றம். கூட்டாவிட்டால் நோயாளியின் உயிர். நல்ல மருத்துவமனைகள் எழுத்துபூர்வமான நிலையாணை தந்து இந்தச் சிக்கலைத் தீர்க்கின்றன. மற்ற இடங்களில் அந்தச் சுமை முழுவதும் செவிலியின் தலையில்.

மருத்துவர் அல்லாத ஒருவர் தானே மருந்து எழுதலாம் என்ற எண்ணம் நம் சட்டத்துக்குப் புதிதல்ல. 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, சமூகச் சுகாதாரப் பணியாளர்களுக்கு வரம்புள்ள உரிமம் தரலாம் என்கிறது. ஆரம்ப நிலை மருத்துவத்தில் குறிப்பிட்ட மருந்துகளை அவர்கள் தாங்களே எழுதவும் அது இடம் தருகிறது. அதே தெளிவு, முதுநிலைப் பயிற்சி பெற்ற செவிலியரின் பெயருக்குப் பக்கத்திலும் வேண்டும்.

உயிருள்ள பதிவேடு

நம் பதிவேட்டின் இன்னொரு நெடுநாள் நோய், அது பெயர்களை ஏற்றிக்கொண்டே போனது. ஓய்வு பெற்றவர், வெளிநாடு போனவர், தொழிலையே விட்டவர், இறந்தவர் எல்லாரும் அதில் இருந்தார்கள். அந்த எண்ணிக்கையை வைத்து எத்தனை செவிலியர் வேலைக்கு இருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டால் கணக்கு தப்பும். இதைச் சரிசெய்யத்தான் இந்திய நர்சிங் கவுன்சில் கணினிவழிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொருவருக்கும் தேசிய அளவில் ஒரு தனி எண் உண்டு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கு 150 மணி நேரத் தொடர்கல்வி காட்ட வேண்டும்.

இந்த மணிக்கணக்கு எதற்கு என்று சலித்துக்கொள்பவர்கள் ஓர் உதாரணத்தைப் பார்க்க வேண்டும். 2005-ல் படித்து முடித்தவர், இதயம் நின்றவருக்கு முதலில் மூச்சுப்பாதையைத் திற, பிறகு மூச்சு கொடு, பிறகு மார்பை அழுத்து என்று கற்றிருப்பார். 2010-ல் அமெரிக்க இதயச் சங்கத்தின் வழிகாட்டுதல் அந்த வரிசையையே மாற்றி, மார்பழுத்தத்தை முதலில் வைத்தது. 2015-ல் நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஆழம் 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் 6-ஐத் தாண்டாமல் என்று வகுத்தது. பழைய பாடத்தோடு நிற்கும் கை, முதல் விநாடிகளை மூச்சுப்பாதையில் செலவழிக்கும். அந்த விநாடிகளுக்கு விலை உண்டு.

பிரிட்டன் 2016 ஏப்ரல் முதல் மூன்றாண்டுக்கு ஒருமுறை 450 மணி நேரப் பணியையும் 35 மணி நேரக் கல்வியையும் கேட்கிறது. அதோடு, தன் பணியில் நடந்ததை எண்ணிப் பார்த்து ஐந்து குறிப்புகள் எழுதச் சொல்கிறது. அந்த ஐந்து குறிப்புகளை நாமும் எடுத்துக்கொள்ளலாம். கருத்தரங்கில் கையெழுத்துப் போட்டுச் சான்றிதழ் வாங்குவது கற்றல் ஆகாது. மூன்று பேர் வேலையை ஒருவர் பார்க்கும் வார்டில் இருப்பவரை, வாரம் ஒருநாள் கிடைக்கும் விடுமுறையில் வகுப்புக்கு வரச் சொல்வதும் நியாயமாகாது. கற்கும் மணியைப் பணிநேரமாகக் கணக்கிட வேண்டியது மருத்துவமனையின் கடமை.

2023-ல் தேசியச் செவிலியம் மற்றும் மகப்பேற்றுச் செவிலியம் ஆணையச் சட்டம் வந்தது. 1947 சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொள்ளவே அது இயற்றப்பட்டது. கல்விக்கு ஒரு வாரியம், கல்லூரிகளை மதிப்பிட ஒன்று, நன்னடத்தைக்கும் பதிவுக்கும் ஒன்று என மூன்று வாரியங்கள் அதில் உண்டு. இணையத்தில் வைக்கப்படும் தேசியப் பதிவேடும் உண்டு. ஒன்டாரியோவும் பிரிட்டனும் எழுதிய அந்த வரியை நம் பதிவேட்டிலும் எழுத இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. யார் எந்த மருந்தை எந்த நிலையில் தரலாம் என்று விதிகளில் பட்டியலிட்டால், செவிலிக்கு அச்சம் நீங்கும். நோயாளிக்குக் காத்திருப்பு குறையும்.

வாசகர்களுக்கும் இதில் பங்குண்டு. நம் ஊர்களில் பல சிறு மருத்துவமனைகளில், சில மாதப் பயிற்சியோடு சீருடை போட்ட பிள்ளைகள் ஊசி போடுகிறார்கள். குற்றம் அந்தப் பிள்ளைகளுடையது அல்ல. குறைந்த சம்பளத்துக்கு அவர்களை அங்கே நிறுத்தியவர்களுடையது. அடுத்த முறை உங்கள் வீட்டில் ஒருவரைச் சேர்க்கும்போது, கவனித்துக்கொள்ளும் செவிலியர்கள் கவுன்சிலில் பதிவு செய்தவர்களா என்று நிர்வாகத்திடம் மரியாதையாகக் கேளுங்கள். பதிவு பெற்ற செவிலிக்கு அந்தக் கேள்வி அவமதிப்பு ஆகாது. மூன்று நான்கு ஆண்டுகள் படித்து வாங்கிய எண்ணுக்கு நீங்கள் தரும் மதிப்பு அது. தயங்காமல் கேளுங்கள்.