முதல் மொழி: சி++ஆ, பைத்தானா?

மாநிலப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் எடுக்கும் மாணவி, தக்கலையில் படித்தாலும் தோவாளையில் படித்தாலும், பதினொன்றாம் வகுப்பில் சி++ படிக்கிறாள், பைத்தான் பன்னிரண்டில்தான். 2018 முதல் வந்த புதிய பாடநூல்கள் வகுத்த வரிசை இது. நாகர்கோவில் கோணத்தில் இருக்கும் அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியில் கணினிப் பிரிவில் 2017, 2021 விதிமுறைகளின்படி சேர்ந்தவர்களுக்கோ முதல் பருவத்தில் பைத்தான், இரண்டாம் பருவத்தில் சி என்று இருந்தது. ஒரே மாவட்டத்தில் நேரெதிரான இரண்டு வரிசைகள். நான் பைத்தானை முதலில் வைத்த அந்தப் பல்கலைக்கழக வரிசையின் கட்சி. அதற்குக் காரணம் சி++ என்ற மொழியின் குறை அல்ல.

லேபில் எல்லோரும் எழுதும் ஃபேக்டோரியல் புரோகிராமையே எடுத்துக்கொள்வோம். 1990இல் வந்த டர்போ சி++இல் ‘இன்ட்’ என்று அறிவித்து எழுதினால் ஏழு வரை விடை சரியாக வரும். எட்டுக்கு 40320 வர வேண்டிய இடத்தில் -25216 என்று வந்து நிற்கும். அந்தக் கம்பைலரில் இன்ட்டுக்கு 16 பிட்தான் இடம். 32767க்கு மேல் கொள்ளாது. டெவ் சி++உடன் வரும் ஜிசிசி போன்ற இன்றைய கம்பைலரில் இன்ட் 32 பிட். அதனால் பன்னிரண்டு வரை பிழையில்லை. பதின்மூன்றுக்கு 6227020800க்குப் பதில் பொதுவாக 1932053504 கிடைக்கும். இதுதான் அதிக ஆபத்து: மைனஸ் குறிகூட இல்லை, பார்த்தால் சரியான விடைபோலவே இருக்கும். பைத்தானில் நூறுக்குக் கேட்டாலும் 158 இலக்கங்களையும் பிசகாமல் தரும்.

முதல் மாதத்தில் இருக்கும் பிள்ளைக்கு லூப் எப்படிச் சுற்றுகிறது என்று விளங்கினால் போதும். தன் யோசனை சரியாக இருந்தும் விடை தப்பாக வந்தால், ‘நமக்கு இது வராது’ என்று முடிவுகட்டிவிடுவாள். அந்தச் சந்தேகத்துக்குப் பைத்தான் குறைவாகவே இடம் தருகிறது. அதற்காக அதில் சிக்கலே இல்லை என்று சொல்ல மாட்டேன். ‘இன்புட்’ வாங்கித் தருவது எழுத்துச் சரம். எண்ணாக மாற்றாமல் இரண்டையும் மூன்றையும் கூட்டினால் 23 என்று வரும். வரித் தொடக்கத்தில் இடைவெளி பிசகினால் எரர். ஆனால் எந்த வரியில் தவறு என்று பெரும்பாலும் சொல்லிவிடும். மாணவி தானே திருத்திக்கொள்ளலாம்.

சி++ கற்கும்போது மொழியைவிடக் கம்பைலர்தான் காலை வாருகிறது. 1998இல் சி++க்குச் சர்வதேசத் தரம் வந்தது. டர்போ அதற்கு முந்தியது. ‘ஐஓஸ்ட்ரீம் டாட் ஹெச்’, ‘கிளியர் ஸ்கிரீன்’ என்று அதில் பழகிய கை, இன்றைய கம்பைலரில் முதல் வரியிலேயே எரர் வாங்கும். 64 பிட் விண்டோஸில் டர்போ நேரடியாக ஓடாது, டாஸ்பாக்ஸ் வேண்டும். இலவசமான ஜிசிசி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது பதினாறு வயதுப் பிள்ளையை டர்போவில் உட்கார வைப்பது அநியாயம். லேப்டாப் இல்லாதவர்கள் ஆண்ட்ராய்டு போனில் பைடிராய்டு போட்டுப் பைத்தானைத் தொடங்கிவிடலாம்.

அப்படியானால் சி++ எதற்கு? பைத்தானிடம் ‘நாகர்கோவில்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 11 என்று சொல்லும். நாம் எண்ணினால் நா, க, ர், கோ, வி, ல் என ஆறு எழுத்துதான். ஆகாரக் கால், புள்ளி, கொம்பு எல்லாவற்றையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. சி++இன் சாதாரண ஸ்ட்ரிங்கில், யூடிஎஃப்-8 முறையில், அதே சொல் 33 ஆகிவிடும். ஒவ்வொரு தமிழ்க் குறியும் நினைவகத்தில் மூன்று பைட் பிடிப்பதுதான் காரணம். பைத்தான் மூடிவைத்த அறையை சி++ திறந்து காட்டுகிறது. ஆறு மாதம் பைத்தானில் கை பழகிய மாணவிக்கு இந்த 33 ஒரு நல்ல கேள்வி. முதல் வாரத்திலேயே எதிர்ப்பட்டால் அது வெறும் குழப்பம்.

ஆறு என்ற விடை வேண்டுமென்றால் பைத்தானில் ‘ஓப்பன் தமிழ்’ என்ற இலவச நூலகம் இருக்கிறது. தமிழிலேயே நிரல் எழுத ‘எழில்’ மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை தொடங்கி, பலர் சேர்ந்து வளர்த்தது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை அதன் மூலநிரலைத் திறந்து, எழுத்துகளைப் பிரிக்கும் பகுதியை வரிவரியாகப் படித்தே புரிந்துகொள்ளலாம். பிறகு அதையே சி++இல் தானே எழுதிப் பார்க்கட்டும்.