மதம் காலியாக்கிய கிராமம்

துருக்கி தேசத்தின் தென்மேற்கே, பெத்தியே நகருக்கு அருகிலுள்ள காயாக்கோய் கிராமத்திற்கு உல்லாசப் பிரயாணிகளாய்ச் சென்றோம். மலைச்சரிவெங்கும் ஒன்றன் வெளிச்சத்தை மற்றொன்று மறையாதவாறு எழுப்பிய நூற்றுக்கணக்கான கல்வீடுகள், கூரையுமில்லை, குடியுமில்லை. இவ்வூரை லெவிசி என்றழைத்து வாழ்ந்த கிரேக்கக் கிறிஸ்தவர்கள் எங்கே?

1923-ம் வருஷம் லோசானில் துருக்கியும் கிரீசும் செய்த உடன்படிக்கை, முன்பே போரில் ஓடியோர் உட்பட, சுமார் 12 லட்சம் கிறிஸ்தவரையும் 4 லட்சம் முஸ்லிம்களையும் நாடு மாற்றிற்று. அவர்தம் விருப்பம் கேட்கவில்லை, பாஷையும் பார்க்கவில்லை. மதமொன்றே அளவுகோல். துருக்கி பேசிய கிறிஸ்தவர் கிரேக்கராயினர். கிரேக்கம் பேசிய முஸ்லிம்கள் துருக்கியராயினர்.

கிரீசினின்று இங்கு வந்தோரும் நிலைக்கவில்லை. 1957-ம் வருஷத்துப் பூகம்பம் வீடுகளை மேலும் சிதைத்தது. அன்பர்களே, குடிக்கணக்கேட்டில் மதத்திற்கென ஒரு கட்டம். ஓர் ஊரைக் காலியாக்க அது போதுமானதாயிருந்தது.