பின்தங்கிய மாணவனும் சட்டாம்பிள்ளையும்

தமிழகத்தில் அரசுப் பள்ளிகள் பரவுவதற்கு முன், திண்ணையிலோ மண்டபத்திலோ ஓர் ஆசிரியர் தனியாக நடத்திய திண்ணைப் பள்ளிக்கூடங்களே ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தன. புதிதாகச் சேர்ந்த பிள்ளை, பரப்பிய மணலில் விரலால் எழுத்தை வரைந்து, வரையும்போதே அதன் ஒலியை உரக்கச் சொல்லிப் பழகியது. இவ்வாறு கையும் கண்ணும் காதும் நாவும் ஒருசேரப் பழகிய பிறகே, எழுத்துகளை வரிசையாகக் கற்பிக்கும் அரிச்சுவடி என்னும் ஓலைச்சுவடி அதன் கைக்கு வந்தது. பல வயதினரும் ஓரிடத்தில் அமர்ந்து தத்தம் வேகத்தில் கற்றனர். ஆசிரியருக்கு உதவியாக அமர்த்தப்பட்ட மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை, இளையவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தான்.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் பணித்த கணக்கெடுப்பின்படி, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்ததாக அவருடைய 1826ஆம் ஆண்டுக் குறிப்பு தெரிவிக்கிறது. எனினும் அம்மாணவர்களில் பெண்பிள்ளைகள் மிகச் சிலரே. ஒடுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகள் பெரும்பாலும் விலக்கப்பட்டிருந்தனர். கைகளைக் கட்டித் தொங்கவிடும் கோதண்டம் போன்ற கொடிய தண்டனைகளும் வழக்கில் இருந்தன.

திண்ணைப் பள்ளி முறையின் நல்ல கூறுகளைக் கண்டுகொண்டவர் ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல். 1789இல் எழும்பூரில் படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கென அமைந்த அநாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்ற அவர், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டு, அதைத் தம் இல்லத்தின் தொடக்க வகுப்பிலும் புகுத்த முயன்றார். ஆசிரியர் அதற்கு இணங்காததால், ஏறத்தாழ எட்டு வயதுடைய ஜான் பிரிஸ்கன் என்ற மாணவனிடம் அப்பணியை ஒப்படைத்தார். அவன் கற்பித்த சிறுவர்கள் எழுத்துகளைக் கற்றுக்கொள்ளவே, இல்லத்தின் கற்பித்தல் முறையையே பெல் மாற்றியமைத்தார். வகுப்பில் இருபத்துநான்கு பேர் இருந்தால், தேர்ந்த பன்னிருவர் கற்பிப்போராகவும் தேராத பன்னிருவர் கற்போராகவும் இணைசேர்க்கப்பட்டனர். ஆகவே வாசிக்கத் திணறிய ஒவ்வொருவனுக்கும், அவன் திணறும் இடத்தை அண்மையில்தான் கடந்துவந்த துணைவன் ஒருவன் கிடைத்தான்.

பெல் 1797இல் லண்டனில் வெளியிட்ட நூலின் வழியே இம்முறை ‘மதராஸ் முறை’ எனப் பெயர்பெற்றது. 1811இல் இங்கிலாந்துத் திருச்சபையினர் தொடங்கிய தேசியக் கல்விச் சங்கம் அதைத் தன் பள்ளிகளில் பரப்பியது. ஆனால் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஓர் ஆசிரியரின் சம்பளத்திலேயே படிக்கவைத்துவிடலாம் என்ற சிக்கனக் கணக்கு மேலோங்கியபோது, துணைவனின் தனிக் கவனம் குன்றி, பொருளறியாமல் ஒப்பிக்கும் பழக்கமே மிஞ்சியது. அதனால் 1846 முதல் இங்கிலாந்தில், பயிற்சி பெற்றுக்கொண்டே கற்பிக்கும் மாணவ ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டனர்.

எழுத்துக் கூட்டத் திணறும் மழலைக்கு வேண்டியவை கையால் எழுதிப் பழகும் பயிற்சியும், தன் வேகத்தில் முன்னேறும் உரிமையும், அருகிருந்து திருத்தும் ஒருவரின் பொறுமையுமே ஆகும். இவற்றைச் செலவுக் குறைப்பின் கருவியாக்கிய கல்விமுறை நிலைக்காது என்பதே மதராஸ் முறையின் வரலாறு உணர்த்தும் பாடம்.