ஏலக்காய்க்குப் பக்கத்தில் கிராம்பு

மட்டாஞ்சேரி ஜூ டவுன் மசாலாக் கடைக்காரருக்கு நாம் யாரென்று தெரியாது. ஆனால் ஏலக்காய் கேட்டால் கிராம்பையும் எடுத்துக் காட்டுவார். கணினிக்கு இந்தப் புத்தி வரக் கொஞ்சம் நாளாச்சு.

1994-இல் வந்த குரூப்லென்ஸ், நம்மைப் போலவே மதிப்பெண் போட்டவர்களைத் தேடி, அவர்களுக்குப் பிடித்த யூஸ்நெட் செய்திகளை நமக்குச் சொன்னது. அதற்கு நாமும் நிறைய மதிப்பெண் போட்டிருக்கணும். 1998-இல் அமேசான் ஆளை விட்டுப் பொருளைப் பிடித்தது. எதோடு எது சேர்ந்து விற்கிறதென்று முன்கூட்டியே பட்டியல் போட்டது. ஒன்றே ஒன்று வாங்கியவருக்கும் அடுத்ததைச் சொல்லிவிடலாம்.

ஊரில் அம்மா கைப்பேசியில் கேட்டது நாலே பாட்டா? இரண்டாவது வழிதான் சரி. பட்டியலைக் கைப்பேசியிலேயே வைத்துவிட்டால், அவர் கேட்பது வெளியே போகவும் வேண்டாம். பட்டியலில் தமிழ்ப் பாட்டு நிறைய இருக்கணும், அவ்வளவுதான்.