முகூர்த்தமும் வெளிச்சமும்: காரைக்கால் திருமணப் படங்களின் வரலாறு

காரைக்காலில் திருமண நாளின் நேரங்களை முன்பு குறித்துக் கொடுத்தவர்கள் சோதிடரும் புரோகிதரும், பங்குத்தந்தையும் ஜமாஅத்தாரும். படக்காரர் இந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தவர். அவர் வந்த பிறகு முகூர்த்தம் இம்மியும் நகரவில்லை. அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை பெரும்பாலும் நகர்ந்துவிட்டன. எத்தனை படம் எடுக்க முடியும், எவ்வளவு வெளிச்சம் கிடைக்கும் என்ற இரண்டு கணக்குகளே ஒவ்வொரு காலத்திலும் அவற்றை நகர்த்தின.

கேமராவுக்கு முந்தைய ஒழுங்கை மாங்கனித் திருவிழாவில் இன்றும் காணலாம். ஆனிப் பௌர்ணமியை ஒட்டி, காரைக்கால் அம்மையாரான புனிதவதிக்கும் பரமதத்தனுக்கும் ஊரே கூடித் திருமணம் நடத்துகிறது. முதல் நாள் மாலையில் மாப்பிள்ளை அழைப்பு, மறுநாள் திருக்கல்யாணம். சுற்றுவட்டார வீட்டுக் கல்யாணங்களுக்கும் இதே அமைப்புதான்: ஊர்வலம் இரவில், தாலி விடியலில். பழைய கேமராவுக்கு இரண்டுமே எட்டாத பொழுதுகள்.

பாரிஸில் டாகேரின் ஒளிப்பட முறை 1839 ஆகஸ்டு 19 அன்று வெளியிடப்பட்டபோது, காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து நூறு ஆண்டு ஆகியிருந்தது. மறு ஆண்டே கேமரா இந்தியாவுக்கு வந்துவிட்டது என்றாலும் முதலில் அது பார்த்தது கோயில்களையும் கோட்டைகளையும்தான். 1858இல் லின்னேயஸ் டிரைப் தஞ்சைப் பெரிய கோயிலைப் படமெடுத்தார். தமிழ்க் குடும்பங்கள் தங்கள் முகத்தைப் படமாகப் பார்க்கத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஸ்டுடியோக்கள் பெருகிய பிறகு. 1898இல் பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு ரயில் வந்ததும் மாயவரமும் தஞ்சாவூரும் சென்னையும் நெருங்கி வந்தன.

பிரெஞ்சு ஆட்சி இங்குள்ள திருமணத்துக்கு வேறொரு பக்கத்தையும் கொடுத்தது. 1880 ஏப்ரல் 24 ஆணை பிரெஞ்சிந்தியக் குடிகளின் பிறப்பு, திருமணம், இறப்பைப் பதிவேட்டுக்குள் கொண்டுவந்தது. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, சாதி மத வழக்கங்களை விட்டு பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்க விரும்பியவர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்துகொண்டு அப்படியே மாறலாம். அவர்களுக்குச் சட்டப்படியான திருமணம் மேரியில், அதாவது நகராட்சிக் கட்டடத்தில், மேயர் முன்னிலையில் கையெழுத்திடுவது. கோயிலோ தேவாலயமோ அதன் பிறகு. மணவறைக்கு இல்லாத ஒரு வசதி மேரிக்கு இருந்தது. அங்கே காரியம் நடப்பது பகலில். மேசையும் பேனாவும் சாட்சிகளும் அசையாமல் நிற்கிற காட்சி, மெதுவான கேமராவுக்கு ஏற்றது.

அந்தக் கேமரா எவ்வளவு மெதுவானது என்பதைப் புரிந்துகொண்டால்தான் பழைய திருமணப் படங்களில் ஏன் திருமணமே நடப்பதில்லை என்பது விளங்கும். முக்காலியில் நிற்கும் மரப்பெட்டி. கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துத் தலைகீழாகத் தெரியும் உருவத்தைக் கூர்மைப்படுத்த வேண்டும். ஒரு கண்ணாடித் தகட்டுக்கு ஒரே படம். தகட்டில் உருவம் பதியும் வரை அசையாமல் இருக்க வேண்டும். விடியற்கால மணவறையில், ஓமப் புகைக்கு நடுவே, கெட்டிமேளம் முழங்கும் சில நொடிகளை இதில் பிடிக்க வழியே இல்லை. ஆகவே படம் சடங்குக்குப் பிறகு தள்ளிப்போயிற்று. நன்றாக வெயில் ஏறியதும் பந்தலுக்கு வெளியே குடும்பத்தார் வரிசையாக அமர்ந்தார்கள்; அல்லது சில நாள் கழித்து, மாலையும் நகையும் மறுபடி பூட்டி, தம்பதி ஸ்டுடியோவுக்குப் போனார்கள். மாடமும் தூணும் தீட்டிய திரை, பூச்சாடி வைத்த சிறு மேசை, கைக்கடிகாரம் தெரியும்படி முன்னுக்கு வந்த மணமகன் கை. பக்கத்தில் சிரிக்காத மணப்பெண். முகத்தின் புள்ளிகளைத் தகட்டின் மேல் பென்சிலால் திருத்தி, வேண்டியவர்களுக்குப் புடவைக்கும் நகைக்கும் வண்ணம் தீட்டித் தருவார்கள். திருமணத்துக்கு ஒரு படம் என்பதே நிறைவான கணக்காக இருந்தது.

அந்த ஒரு படத்துக்குக் காரைக்காலில் தனி மதிப்பு உண்டு. இந்த ஊரின் வணிகர்களும் அரசு ஊழியர்களும் படைவீரர்களும் சைகோன் வரை பரவியிருந்தார்கள். 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்து, 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படியான இணைப்பும் நிறைவேறியது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள அப்போது ஆறு மாத அவகாசம் தரப்பட்டது; அப்படித் தேர்ந்தெடுத்த சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படைவீரர், குடும்பங்கள் பலவும் பிரான்சில் வேர்விட்டன. கல்யாணத்துக்கு வர முடியாத அண்ணனோ மாமனோ எப்போதும் கடலுக்கு அப்பால் இருந்தார்கள்; அவர்களுக்குக் கல்யாணத்தைக் காட்ட அந்த ஒரு படம்தான் இருந்தது.

படச்சுருள் வந்த பிறகுதான் கேமரா மணவறைக்குள் நுழைந்தது. ரோலிபிளெக்ஸ், பிறகு யாஷிகா போன்ற இரட்டை லென்ஸ் கேமராக்களில் 120 ரோலுக்கு 12 படம். 35 மி.மீ. சுருள் பரவியதும் அது 36 ஆயிற்று. மாலை மாற்றுதல், தாலி, அக்கினி வலம், அம்மி மிதித்தல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்றிரண்டு ஒதுக்கி, மிச்சத்தை உறவினர் குழுக்களுக்கு வைப்பார்கள். யார் யார் படத்தில் நிற்க வேண்டும் என்று சொல்ல வீட்டுப் பெரியவர் ஒருவர் படக்காரர் பக்கத்திலேயே இருப்பார். விட்டுப்போன சித்தப்பாவால் வந்த மனத்தாங்கல் எளிதில் தீராது. பிளாஷ் ஒருமுறை மின்னினால் மறுபடி சார்ஜ் ஏறச் சில நொடி பிடிக்கும். தாலிக்கு ஒரே மின்னல்தான் வாய்த்தது. அதைத் தவறவிட்டவர்களுக்காகத்தான், முடிச்சைப் போட்ட மணமகன் கையை அங்கேயே வைத்துக்கொண்டு கேமராவைப் பார்க்கும் வழக்கம் ஏற்பட்டது என்று கொள்ளலாம்.

தாலி கட்டும் நேரத்தை மாற்ற முடியாத கேமரா, வரவேற்பைத் தனக்கென்றே உருவாக்கிக்கொண்டது. உயர்ந்த மேடை, இரண்டு நாற்காலி, ஒருபக்கம் ஏறி அன்பளிப்பைக் கொடுத்து, முன்பக்கம் திரும்பி நின்று, மறுபக்கம் இறங்கும் வரிசை. இதில் எந்தச் சாத்திரமும் கிடையாது. திருமண நாளில் முழுக்கப் படத்துக்காகவே அமைந்த பகுதி இதுதான்.

1980களில் வண்ணப்படமும் வீடியோவும் சேர்ந்து வந்தன. வீடியோவுக்குப் பிரகாசம் வேண்டும். ஒருவர் ஸ்டூலில் ஏறி வீடியோ லைட்டைத் தூக்கிப் பிடிக்க, ஒயர் ஜமுக்காளத்துக்கு அடியில் போக, அதிகாலைச் சடங்கு முதன்முறையாகப் பகல்போல் ஒளிர்ந்தது. சூட்டில் மணமக்கள் முகம் வியர்த்து வழிந்தது. ஆனால் கேமரா எங்கே நிற்கலாம் என்பது சமயத்துக்குச் சமயம் மாறியது. முஸ்லிம் திருமணங்களில் படக்காரர் நிக்காஹ் நடக்கும் ஆண்கள் பக்கத்தோடு நிற்பது வழக்கம்; பெண்கள் பக்கத்துக்குப் பெண் படக்கலைஞரைத் தேடிப் பேசுவது பின்னால் வந்தது. தேவாலயத்தில் எங்கே நிற்கலாம், எப்போது பிளாஷ் கூடாது என்பதைப் பங்குத்தந்தையிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

டிஜிட்டல் கேமரா எண்ணிக்கைக் கவலையைத் துடைத்துவிட்டது. வெளிச்சக் கவலை மட்டும் மிஞ்சியது. திருமணத்துக்கு முந்தைய வெளிப்புறப் படப்பிடிப்புக்கு அரசலாற்றை ஒட்டிய சாலையும் கடற்கரையும் இயல்பாகவே பொருந்துகின்றன. கிழக்குக் கடற்கரை என்பதால் சூரியன் எழுவது கடல் மேல்: காலையில் கடலைப் பின்னால் வைத்து நிறுத்தினால் முகம் இருண்டுபோகும், உருவத்தின் விளிம்பு மட்டும் பொன்னாகும். கடலும் வேண்டும், முகமும் தெளிய வேண்டும் என்றால் சாயங்காலம் நான்கரைக்கு மேல் வர வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இந்தக் கணக்கைக் கெடுத்துவிடும். ஆடியிலும் மார்கழியிலும் இந்துக்களுக்கு முகூர்த்தமே இல்லை. பிரான்சிலிருந்து குடும்பங்கள் வருவதோ பள்ளி விடுமுறையான ஜூலை, ஆகஸ்டில். அதில் பெரும்பகுதியை ஆடி விழுங்கிவிட, ஆனிக் கடைசியும் ஆவணி முதல் பாதியுமே மிஞ்சுகின்றன. மண்டபமும் படக்காரரும் அந்தச் சில வாரங்களுக்கு வெகு முன்பே பேசிவைக்கப்பட வேண்டியிருக்கிறது.

வர இயலாதவர்கள் நேரலையில் பார்க்கிறார்கள். காலை 6 மணி முகூர்த்தம் பாரிஸில் கோடையில் இரவு 2.30, குளிர்காலத்தில் 1.30. மாலை 7 மணி வரவேற்போ அங்கே பிற்பகல். தூக்கம் விழித்துத் தாலியைப் பார்ப்பவர்கள் உண்டு. பலருக்கும் கண்ணில் படுவது வரவேற்புதான்.

எடுத்த படங்களுக்குக் கடலோர ஈரம் பெரும் பகை. பழைய கண்ணாடித் தகடுகளின் பூச்சு உரிகிறது, வண்ணப் படங்கள் சிவந்து வெளிறுகின்றன, வீடியோ நாடாவில் பூஞ்சை பூக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் துணையோடு, 1880 முதல் 1980 வரையிலான தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடி மின்னாக்கம் செய்திருக்கிறது. வீட்டில் பழைய படம் வைத்திருப்பவர்கள் அதன் பின்பக்கத்தில் மை ஊறாதபடி பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு எழுதி, படங்களுக்கு இடையே தாள் வைத்து, பீரோவின் உலர்ந்த மேல்தட்டில் வைப்பது நல்லது. நிற்பவர்கள் இன்னார் என்று சொல்லத் தெரிந்த பாட்டி இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.